ஸ்டீவன்டன் திருமணப் பதிவேடு: ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு ஒரே புத்தகம் எப்படிப் போதுமானது?

பழுப்பேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, இங்கிலாந்தின் சிற்றூர்க் கிறிஸ்தவக் கோயில்களுடைய பழைய பதிவேடுகளின் படிமங்களைப் பார்த்துப் பெயர்களைப் பட்டியலிடும் தன்னார்வப் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். நான் வசிக்கும் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஊர்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் பல, ஊர் நிலம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நிலக்கிழார் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த எஸ்டேட் ஊர்கள்.

இவ்வகைப் பதிவேடுகளில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் பிறந்த ஊரான ஸ்டீவன்டனுடையதே அதிகம் பேசப்படுவது. 1755 முதல் 1812 வரையிலான திருமணங்கள் அங்கே ஒரே புத்தகத்தில் அடங்கிவிட்டன. ஊர் நிலமும், மாளிகையும், கோயிலுக்கு ரெக்டரை (ஊர்க் குருவை) நியமிக்கும் உரிமையும் நைட் குடும்பத்திடம் இருந்தன. அவர்களுக்குத் தூரத்து உறவினரும் ஜேனின் தந்தையுமான ஜார்ஜ் ஆஸ்டின் 1761-இல் ரெக்டராக நியமிக்கப்பட்டு, 1805-இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார்.

இத்தகைய சிற்றூர்ப் பதிவேடுகளைப் பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை இங்கே வைக்கிறேன். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ திருமணம்தான் பதிவாகிறது. சில ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆறேழு பிள்ளைகளுக்குப் பெற்றோராகத் தோன்றும் தம்பதியரைத் திருமணப் பதிவேட்டில் தேடினால் கிடைப்பதில்லை. அதில் இருக்கும் தம்பதியரோ திருமணத்துக்குப் பின் ஊரை விட்டு மறைந்துபோகிறார்கள். ஒரே ஆள் இருபது ஆண்டுகள் எல்லாத் திருமணங்களுக்கும் சாட்சியாக நிற்கிறார். ஏடுகள் தொலைந்தனவா, எழுதியவர்கள் விட்டுவிட்டார்களா, அல்லது நான்தான் படிக்கத் தெரியாமல் படிக்கிறேனா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஊர்க்கணக்கு எழுதியது:

ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஜார்ஜ் ஆஸ்டின் காலத்து ஸ்டீவன்டனில் ஏறத்தாழ முப்பது குடும்பங்கள் இருந்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால் நூற்றைம்பது பேர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய எட்டுத் திருமணங்கள் நடந்தன. அந்த வீதப்படி இந்த ஊருக்கு ஆண்டுக்கு ஒன்றே காலுக்குக் குறைவான திருமணம்தான் வரும். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு எழுபதுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு புத்தகம் தாராளமாகப் போதும். ஒரு திருமணமும் இல்லாத ஆண்டைக் கண்டவுடன் ஏடு தொலைந்தது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

ஆனால் ஊர் ஏன் முப்பது குடும்பங்களோடு நின்றது என்ற கேள்வியை இந்தக் கணக்கு தீர்க்காது. அதற்கு விடை வீடுகளில் இருக்கிறது. அக்கால இங்கிலாந்தில் மணமானவர்கள் பெற்றோரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது வழக்கமன்று. தனி வீடு அமைந்த பிறகே திருமணம். 1964-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக் குழுவினர், 404 ஊர்ப் பதிவேடுகளிலிருந்து மாதவாரியாக எடுக்கப்பட்ட எண்ணிக்கைகளைக் கொண்டு பெரிய ஆய்வொன்றை 1981-இல் வெளியிட்டனர். அக்குழுவின் கணிப்பின்படி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக 26-ஐ ஒட்டி இருந்தது. சட்டம் அப்போது பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதையும் ஆணுக்குப் பதினான்கு வயதையும் போதுமென்று வைத்திருந்தது (1929 வரை அப்படியே இருந்தது) என்பதை நினைத்தால், மக்களைக் காக்கவைத்தது சட்டமன்று என்பது விளங்கும். கையில் கொஞ்சம் சேமிப்பும் தலைக்கு மேல் ஒரு கூரையும் வேண்டியிருந்தன. எஸ்டேட் ஊரில் அந்தக் கூரையைத் தருவதும் தராததும் நிலக்கிழாரின் விருப்பம்.

மெழுகுத்திரி எழுதியது:

பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோரின் திருமணம் மட்டும் இல்லை என்ற ஐயத்துக்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். திருமணம் பெரும்பாலும் மணமகளின் ஊர்க் கோயிலில் நடந்தது. இருவரும் வெவ்வேறு ஊரார் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இரு கோயில்களிலும் அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும். திருமணச் சடங்கு இரண்டில் ஒரு கோயிலில் நடக்கலாம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இந்த அறிவிப்பை இன்றும் ‘ஓலை வாசித்தல்’ என்றே சொல்கிறோம்; ‘மூன்று ஓலையும் முடிந்தது’ என்றால் இனித் தடையில்லை என்று பொருள். ஆகவே அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

மணமகளின் ஊர் என்ற வழக்கம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு ஸ்டீவன்டன் ரெக்டர் வீட்டையே பாருங்கள். ஜார்ஜ் ஆஸ்டினின் எட்டுப் பிள்ளைகளில் ஐந்து மகன்களுக்கு மணமானது. மூத்தவர் ஜேம்ஸ் 1792-இல் லாவர்ஸ்டோக்கிலும், மனைவி இறந்தபின் 1797-இல் ஹர்ஸ்ட்போர்ன் டாரன்ட்டிலும் மணந்தார். எட்வர்டு 1791-இல் கென்ட் மாவட்டத்தின் குட்னெஸ்டோனிலும், ஹென்றி 1797-இல் லண்டன் மேரிலெபோனிலும், பிரான்சிஸ் 1806-இல் ராம்ஸ்கேட்டிலும், சார்லஸ் 1807-இல் அட்லான்டிக் நடுவே பெர்முடாவிலும் மணந்தனர். மகள்கள் இருவரும் மணக்கவே இல்லை. ரெக்டர் தமக்குத் தாமே 1764-இல் பாத் நகரின் வால்காட் கோயிலில்தான் திருமணம் செய்துகொண்டார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் பதவி வகித்த ரெக்டரின் சொந்தப் பிள்ளைகளில் ஒருவரது திருமணம்கூட அவருடைய கோயிற் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர் என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே ஸ்டீவன்டனில் ஒரு தம்பதியர் கிடைக்கவில்லை என்றால் டீன், ஆஷ், வடக்கு வால்த்தம், டம்மர், ஓவர்ட்டன் என்று நடந்து போகக்கூடிய தொலைவில் உள்ள ஊர்களின் புத்தகங்களைத் திறந்துபாருங்கள்.

வழக்காடுபவர் எழுதியது:

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, எந்தச் சட்டம் அதை எழுதச் சொன்னது என்பதை முதலில் அறிந்துகொண்டால் பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் ஒவ்வொரு கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் எழுதுபவரின் மனம்போன போக்கில்தான் திருமணங்கள் எழுதப்பட்டன: தேதி, இரு பெயர்கள், சில இடங்களில் ஊர், மணமகளின் பெயரையே விட்டுவிட்ட ஏடுகளும் உண்டு. 1653 முதல் 1660 வரை, முடியாட்சி இல்லாத காலத்தில், திருமணம் அமைதி நீதிபதியின் முன் நடக்க வேண்டும் என்ற சட்டம் இருந்தமையால், பல ஊர்ப் பதிவேடுகளில் அந்த ஆண்டுகள் வெறுமையாகவோ குழப்பமாகவோ காணப்படும்.

உங்கள் புத்தகத்தின் அமைப்பு 1753-ஆம் ஆண்டின் ஹார்டுவிக் பிரபுவின் சட்டத்திலிருந்து வருகிறது. 1754 மார்ச் 25 முதல், ஓலை வாசித்தோ திருமண உரிமம் பெற்றோ கோயிலில் நடந்தால்தான் திருமணம் செல்லும். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் யூதர்களுக்கும் விலக்கு. மணமக்கள், குருவானவர், இரண்டு சாட்சிகள் ஆகியோர் அதற்கென வைத்த புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். ஸ்காட்லாந்துக்கு இச்சட்டம் செல்லாது என்பதால்தான் எல்லையோரத்து கிரெட்னா கிரீன் ஓடிப்போகிறவர்களின் ஊராயிற்று. இந்தச் சட்டம் கேட்டது அவ்வளவுதான். வயது, தொழில், தகப்பன் பெயர் எதையும் அது கேட்கவில்லை. அவை 1837 ஜூலை முதல் தேதி தொடங்கிய அரசுப் பதிவு முறையின் கட்டங்களில்தான் வருகின்றன. தாயின் பெயருக்கோ 2021 மே 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1812-ஆம் ஆண்டின் ரோஸ் சட்டம், 1813 ஜனவரி முதல் மூவகை நிகழ்ச்சிகளுக்கும் தனித்தனி அச்சுப் புத்தகங்களைக் கட்டாயமாக்கியது. ஸ்டீவன்டன் புத்தகம் 1812-இல் முடிவதற்குக் காரணம் ஏடு நிறைந்தது என்பதன்று.

அடுத்து, ‘இவ்வூரைச் சேர்ந்தவர்’ என்ற சொற்றொடர். பட்டியலிடுபவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுவே. பிறந்த ஊர் என்றோ நிலையான ஊர் என்றோ அதற்குப் பொருளில்லை. உரிமம் பெற்று மணப்பவர் அந்த ஊரில் நான்கு வாரம் வசித்திருந்தால் சட்டத்துக்குப் போதும். மாளிகையில் வேலைக்கு வந்த பணிப்பெண்ணும், பண்ணையில் ஆண்டுக் கூலிக்கு அமர்ந்த இளைஞனும் ‘இவ்வூரைச் சேர்ந்தவர்’களே, அவர்களின் பெற்றோர் வேறு எங்கோ இருப்பார்கள்.

சாட்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பெயர் பெரும்பாலும் கோயிலின் எழுத்தருடையதாக இருக்கும். கையெழுத்திட ஒரு ஆள் வேண்டும், அவர் அங்கேயே நிற்கிறார், இடுகிறார். அவரை மணமக்களின் உறவினராக்கிக் குடும்ப மரம் வரைந்தவர்கள் ஏராளம்.

பழுப்பேடு எழுதியது:

வழக்காடுபவர் ஐயா சொன்ன பிழையை நானும் செய்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பட்டியலில் ‘உறவு’ என்றொரு பத்தியே உண்டு.

‘இவ்வூரைச் சேர்ந்தவர்’ பற்றி அவர் எழுதியதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி ஒன்று ஸ்டீவன்டனிலேயே இருக்கிறது. ரெக்டரின் மனைவி வழியில் உறவுப் பெண்ணான ஜேன் கூப்பர், 1792 ஆகஸ்டில் தம் தந்தை இறந்தபின் ஆஸ்டின் வீட்டில் தங்கி, அவ்வாண்டு டிசம்பர் 11-இல் கடற்படைக் கப்பல் தலைவர் தாமஸ் வில்லியம்சை அந்தக் கோயிலில் மணந்தார். ஜேன் ஆஸ்டினும் அக்காள் கசாண்ட்ராவும் சாட்சிகள். மணமகளும் மணமகனும் அந்த ஊரில் வேர் உள்ளவர்கள் அல்லர். ரெக்டரின் மகன்கள் இல்லாத புத்தகத்தில் சில மாத விருந்தாளி இருக்கிறார்!

ஆனால் என் முதன்மையான கேள்வி இன்னும் நிற்கிறது. மணமகளின் ஊர் வழக்கமும் சட்டமும் எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. எஸ்டேட் ஊர் என்பதனால் மட்டும் ஏற்படும் வேறுபாடு எது?

ஊர்க்கணக்கு எழுதியது:

வேறுபாடு ஏழைகளுக்கான வரியில் இருக்கிறது.

எந்த ஏழை எந்த ஊரின் பொறுப்பு என்பதை 1662-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஒருவர் எந்த ஊரில் ‘குடியுரிமை’ பெற்றிருக்கிறாரோ, அவர் நொடித்துப்போனால் அந்த ஊரின் நில உடைமையாளர்களும் குத்தகையாளர்களும் வரி கொடுத்து அவரைத் தாங்க வேண்டும். மணமாகாத ஒருவர் ஓராண்டு முழுதும் ஓர் ஊரில் கூலிக்கு அமர்ந்திருந்தால் அவருக்கு அந்த ஊரின் குடியுரிமை கிடைக்கும் என்று 1691-இல் மற்றொரு சட்டம் வந்தது. உடனே என்ன நடந்தது என்பதை ஊகிக்கலாம்: ஓராண்டுக்குச் சில நாள் குறைவாக வேலைக்கு எடுக்கும் வழக்கம் பல இடங்களில் தோன்றியது.

திருமணம் இந்தக் கணக்கை நேரடியாக மாற்றும் நிகழ்ச்சி. மனைவிக்குக் கணவனின் குடியுரிமையே குடியுரிமை. பிறக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே. எனவே ஊர்ப் பெண் ஒருத்தி வெளியூரானை மணந்தால் இந்த ஊருக்கு ஒரு சுமை குறையும். ஊர்ப் பையன் வெளியூர்ப் பெண்ணை மணந்தால் ஒரு குடும்பமே கூடும். மணமாகாமல் கருவுற்ற பெண்ணை வெளியூரைச் சேர்ந்த தகப்பனுக்கு எப்படியாவது மணமுடித்து அனுப்ப ஊர் அதிகாரிகள் செலவு செய்து முயன்றதும் இதனால்தான், ஏனெனில் முறைதவறிப் பிறந்த பிள்ளை பிறந்த ஊரின் பொறுப்பாகிவிடும். திருமணமாகி ஊரை விட்டு மறைந்த தம்பதியர் என்று நீங்கள் குறித்தவர்களுள் பெரும்பாலோர் கணவனின் ஊருக்குப் போனவர்கள். ஓரிருவரின் திருமணத்தின் பின்னால் இத்தகைய கணக்கும் இருந்திருக்கலாம். பதிவேடு அதைச் சொல்லாது. ஊர் ஏழைக் கணக்குப் புத்தகம் எஞ்சியிருந்தால் அதில் உரிமக் கட்டணமும் மோதிரச் செலவும்கூட எழுதப்பட்டிருக்கும்.

இனி எஸ்டேட் ஊருக்கு வருகிறேன். பல சிறு உடைமையாளர்கள் உள்ள ஊரில் யாராவது ஒருவர் தம் துண்டு நிலத்தில் குடிசை கட்டி வாடகைக்கு விடுவார். வரிச் சுமை எல்லோர் மீதும் பரவும் என்பதால் அவருக்கு நட்டம் குறைவு. நிலம் முழுவதும் ஒருவர் கையில் இருக்கும் ஊரில் ஒவ்வொரு புதுக் குடிசையும் நாளை அவர் கொடுக்கப்போகும் வரி. ஆகவே அவர் கட்டமாட்டார். பழுதான குடிசையைச் சில வேளை இடித்தும்விடுவார். கூலியாட்கள் பல உடைமையாளர்கள் உள்ள பக்கத்துத் ‘திறந்த ஊரிலிருந்து’ காலையில் நடந்து வருவார்கள். ஒரே உடைமையாளரின் இத்தகைய ஊர்களை வரலாற்றாசிரியர்கள் ‘மூடிய ஊர்கள்’ என்று அழைத்தார்கள். ஏழைகளுக்கான செலவைத் தனி ஊரின் மீதல்லாமல் பல ஊர்கள் சேர்ந்த ஒன்றியத்தின் மீது ஏற்றிய 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் இந்தக் காரணம் வலுவிழந்தது.

நிலக்கிழாரின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு இரு ஊர்கள் போதும். ஆக்ஸ்ஃபர்டுஷயரின் நூன்ஹம் கோர்ட்னியில் ஹார்கோர்ட் பிரபு, மாளிகையிலிருந்து தெரியும் காட்சிக்கு இடையூறாக இருந்த பழைய ஊரை 1760-களில் அகற்றிச் சாலையோரத்தில் புதிதாகக் கட்டினார். கோயிலோ கிரேக்க ஆலயம்போல் உருமாறிப் பூங்காவுக்குள் நின்றுவிட்டது. டார்செட்டின் மில்ட்டன் அபாஸ் என்ற சந்தை ஊரை ஜோசப் டேமர் 1780-ஐ ஒட்டி இதே காரணத்துக்காக இடித்துச் சிறிய ஊராகச் சுருக்கினார். பதிவேடு மட்டும் தடையின்றித் தொடரும். ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஊர் இடம்பெயர்ந்ததே தெரியாது; திருமணங்கள் அருகிவிட்டன என்பது மட்டும் கண்ணில் படலாம்.

நூலக மூலை எழுதியது:

ஊர்க்கணக்கு அவர்களின் விளக்கம் சிறப்பானது. ஆனால் எஸ்டேட் ஊர் என்றால் மெலிந்த பதிவேடு என்று சூத்திரமாக்கிவிட வேண்டாம். டெர்பிஷயரின் பீக் ஃபாரஸ்ட் டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் நிலம். அக்குடும்பத்துச் சீமாட்டி ஒருவர் 1657-இல், தலை வெட்டுண்ட சார்லஸ் மன்னரின் பெயரால் அங்கே ஒரு சிற்றாலயம் கட்டினார். அது எந்தப் பேராயரின் மேற்பார்வைக்கும் உட்படாத தனி ஆட்சிப் பகுதியாக இருந்தமையால், அதன் குருவே திருமண உரிமம் வழங்கிவந்தார். கேள்வி கேட்காமல் மணமுடித்து வைப்பார் என்று அறிந்து தொலைவிலிருந்தெல்லாம் இணையர்கள் வந்தார்கள். வெளியாருக்கென்று தனிப் பதிவேடே வைக்க நேர்ந்தது. 1753-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வணிகத்தை ஒடுக்கியது. ஆளில்லாத மலைச் சிற்றூரின் தடித்த பதிவேடு, அந்த ஊரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

நிலக்கிழார் குடும்பத்தின் திருமணங்களையும் உள்ளூர்ப் புத்தகத்தில் தேடி ஏமாற வேண்டாம். அவர்கள் மணமகளின் ஊரில் மணப்பார்கள், அல்லது மேட்டுக்குடியினர் லண்டனில் கூடும் பருவத்தில் அங்குள்ள ஹனோவர் சதுக்கத்துப் புனித ஜார்ஜ் கோயில் போன்ற நாகரிகக் கோயிலில் மணப்பார்கள். கான்டர்பரி பேராயரின் சிறப்பு உரிமம் பெற்றால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். ஓலை வாசித்துத் தம் பெயர் ஊரார் முன் மும்முறை உரக்கக் கேட்கப்படுவதை மேட்டுக்குடியினர் விரும்பவில்லை. எனவே ‘உரிமத்தின் பேரில்’ என்ற குறிப்பு பெரும்பாலும் வசதியின் அடையாளம், அல்லது அவசரத்தின் அடையாளம். ஸ்டீவன்டனில் நிலைமை இன்னும் தெளிவு: உடைமையாளரான நைட் குடும்பம் கென்ட் மாவட்டத்தின் காட்மர்ஷமில் வாழ்ந்தது, ஸ்டீவன்டன் மாளிகையில் டிக்வீட் என்ற குத்தகைக் குடும்பம் இருந்தது. மெழுகுத்திரி குறிப்பிட்ட எட்வர்டு ஆஸ்டின்தான் நைட் குடும்பத்துக்குத் தத்துப்போய்ப் பின்னாளில் அந்த ஊருக்கே உடைமையாளரானவர். அவரும் மணந்தது கென்ட்டில்.

பழைய புத்தகங்களுக்குப் போகும்போது ஆண்டுக் கணக்கில் விழிப்பாக இருங்கள். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஏட்டில் 1740 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1741 பிப்ரவரி. இதை அறியாமல், திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு தம்பதியரைப் பழித்து எழுதிய குடும்ப வரலாற்றை நான் படித்திருக்கிறேன். இரு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

தூண்டில் எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவன்டன் புத்தகத்தில் ஜேன் ஆஸ்டின் தமக்குத் தாமே மூன்று மாப்பிள்ளைகளை எழுதிக்கொண்டார் என்பதுதானே அதன் புகழுக்குக் காரணம்? அது பதிவேட்டைப் பொய்யாக்கிய குற்றமாகாதா? அந்த மூவருள் ஒருவராவது உண்மையான காதலராக இருந்திருக்க மாட்டாரா?

வழக்காடுபவர் எழுதியது:

நல்ல கேள்வி, ஏனெனில் அதே 1753-ஆம் ஆண்டுச் சட்டம், சட்டத்தை ஏய்க்கும் நோக்கத்தோடு பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்பவருக்கு மரண தண்டனையை விதித்திருந்தது.

ஆனால் அந்தச் சிறுமி எழுதியது பதிவுப் பக்கத்தில் அன்று. புத்தகத்தின் முன்பகுதியில், ஓலையை எப்படி எழுதுவது, திருமணத்தை எப்படி எழுதுவது என்று குருவானவருக்குக் காட்டும் மாதிரிப் படிவங்கள் வெற்றிடங்களோடு அச்சிடப்பட்டிருந்தன. ஓலைக்கான வெற்றிடத்தில் லண்டனைச் சேர்ந்த ஹென்றி ஃபிரெடெரிக் ஹோவர்டு ஃபிட்ஸ்வில்லியம் என்ற நீண்ட பெயரையும், திருமணத்துக்கான வெற்றிடத்தில் லிவர்பூலைச் சேர்ந்த எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்ட்டிமர் என்ற பெயரையும் தமக்கு இணையாக எழுதினார். கையெழுத்தும் சாட்சியும் இட வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை வெறும் ஜாக் ஸ்மித் ஆகிவிடுகிறார். மணமக்களே தமக்குச் சாட்சிகளாகவும் நிற்கிறார்கள். அது செல்லாத பதிவு. ஆனால் படிவத்தின் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் என்ன வேண்டும் என்பதை நன்கு அறிந்த கை எழுதியது. பிரபுத்தனமான பெயரில் தொடங்கி ஊருக்கு நூறு பேர் வைத்திருக்கும் ஸ்மித்தில் வந்து முடியும் வரிசையில் நகைச்சுவை இருக்கிறதே அன்றிக் காதலுக்கான ஆதாரம் எதுவும் இல்லை.

ரெக்டர் மகளைக் கண்டித்தாரா என்பது தெரியாது. பக்கத்தைக் கிழிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். புத்தகம் இப்போது வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

மெழுகுத்திரி எழுதியது:

இழையின் பொருளை விட்டு அதிகம் விலகாமல் ஒரு செய்தி. ஸ்டீவன்டன் ரெக்டரின் அக்காள் ஃபிலடெல்பியா ஆஸ்டின், வரதட்சிணைக்கு வழியில்லாத நிலையில் 1752-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1753 பிப்ரவரி 22-இல், கம்பெனி மருத்துவரான டைசோ சால் ஹான்காக்கை அவர் மணந்தது நம் கடலூரில். அதே 1753-இல்தான் ஹார்டுவிக் சட்டமும் நிறைவேறியது. ஆனால் கடல் கடந்து நடக்கும் திருமணங்களுக்கு அது செல்லாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அவர்களின் மகள் எலைசாதான் 1797-இல் மேரிலெபோனில் ஹென்றி ஆஸ்டினை மணந்தவர். ஒரு வீட்டாரின் திருமணங்களைத் தொகுக்க கடலூரிலிருந்து பெர்முடா வரை போக வேண்டியிருக்கிறது. அவர்கள் வாழ்ந்த ஊர்ப் புத்தகமோ வாய் திறப்பதில்லை.

பழுப்பேடு எழுதியது:

ஒரு கடைசி ஐயம். கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி இட்டவர்களை என் பட்டியலில் ‘கைநாட்டு’ என்று எழுதிவருகிறேன். பெருவிரல் ரேகை இல்லையே என்று ஒரு நண்பர் திருத்தினார். அவர்கள் அனைவரையும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று கொள்ளலாமா?

ஊர்க்கணக்கு எழுதியது:

நண்பர் சொன்னது சரி. நம்மிடம் அதற்கு மிகப் பொருத்தமான பழைய சொல் இருக்கிறது: தற்குறி. கையெழுத்திடத் தெரியாதவர் பத்திரத்தில் தாமே இடும் கீறலைக் குறித்த சொல், பின்னர் அந்த ஆளையே குறிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. முதற்பொருளில் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கேள்விக்கு விடை: எழுதத் தெரியாதவர் என்று கொள்ளலாம், படிக்கத் தெரியாதவர் என்று கொள்ளக்கூடாது. அக்காலப் பள்ளிகளில் முதலில் படிக்கக் கற்பித்து, பிறகுதான் எழுத்தைத் தொடங்கினார்கள். கூலி வேலைக்குப் போகும் பிள்ளை இடையிலேயே நின்றுவிடும். எல்லா மணமக்களும் கையெழுத்திட வேண்டும் என்று 1754-இல் தொடங்கிய கட்டாயம்தான் எழுத்தறிவை நாடு முழுவதும் அளக்க நமக்கு அளவுகோலைத் தந்தது. தொடக்கத்தில் மணமகன்களில் பத்துக்கு ஆறு பேரும், மணமகள்களில் பத்துக்கு நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாகவும் பெயரெழுதினார்கள். 1840-ஐ ஒட்டி ஆண்களில் மூன்றில் இரு பங்கும் பெண்களில் பாதியும் எழுதினார்கள். முப்பது குடும்ப ஊரின் எழுபது திருமணங்களிலிருந்து விழுக்காடு கணக்கிட வேண்டாம். மாளிகைப் பணியாளர் இருவர் வந்து மணந்தாலே எண் தாவிவிடும்.

பழுப்பேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பட்டியலைத் திறந்து ‘உறவு’ என்ற பத்தியை நீக்கிவிட்டேன். ‘சொந்த ஊர்’ என்ற தலைப்பை ‘மணந்தபோது தங்கிய ஊர்’ என்று மாற்றினேன். ‘கைநாட்டு’ தற்குறியாயிற்று. ‘ஏடு தொலைந்திருக்கலாம்’ என்று நான் குறித்திருந்த வெற்று ஆண்டுகளிலிருந்து அக்குறிப்பை எடுத்துவிட்டேன்.

சரிபார்க்க எடுத்துக்கொண்ட முதல் பதிவு, ரெக்டரின் பேத்தி அன்னா ஆஸ்டின் 1814 நவம்பர் 8-இல் பெஞ்சமின் லெஃப்ராயை ஸ்டீவன்டனில் மணந்தது. மணமகளின் ஊர், ரோஸ் சட்டத்தின் புதுப் புத்தகம், பக்கத்து ஊரான ஆஷின் மாப்பிள்ளை, மணமானவுடன் லண்டனுக்கு வடக்கே ஹெண்டனில் குடித்தனம். ஸ்டீவன்டன் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர்களின் பிள்ளைகளைத் தேடும் வேலையை இம்முறை நான் தொடங்கவில்லை. அடுத்து டீன் ஊரின் புத்தகம்.